உடையாத அரக்கு

"அரக்கு உடையவே இல்லைங்கறீங்க?" என்று கேட்டார் ஆஞ்சப்பன்.

"உடையலை சாமி. மூணு டெண்டர்லயும் உடையலை. ஆபீசர் எல்லாருக்கும் முன்னாடி உறையைத் தூக்கிக் காட்டிட்டுத்தான் பிரிச்சாரு. நான் வச்ச முத்திரை நான் வச்ச மாதிரியே இருந்துச்சு."

"முத்திரை எதுல வைப்பீங்க?"

சரோஜம்மாள் கைப்பையைத் திறந்து ஒரு போல்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதன் தலையில் ஒரு மூலை உடைந்திருந்தது. "என் ஷெட்டுல கெடந்தது. அரக்கு சூடா இருக்கறப்பவே இதை அழுத்திடுவேன். இந்த மாதிரி உடைஞ்ச போல்ட்டு இன்னொண்ணு கெடைக்காது."

"அப்போ முடிஞ்சுது சார்," என்றாள் செல்லி. "வெலையை வெளிய சொன்னது இந்த போல்ட்டுதான். புடிச்சு உள்ள வச்சிடலாம்."

ஆஞ்சப்பன் சிரிக்கவில்லை. அவர் காலையிலிருந்து உட்காரவும் இல்லை. ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிற அந்த ஒற்றை அறைதான் அவருடைய துப்பறியும் ஆபீஸ். ஜன்னலிலிருந்து கதவுக்கும் கதவிலிருந்து ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். ஒரு நட்டு போல்ட்டு கம்பெனியில் தரம் பார்க்கிற இன்ஸ்பெக்டராக இருந்தவர். சரக்கில் குறை கண்டுபிடித்தால் பாராட்டினார்கள், முதலாளியின் கணக்கில் குறை கண்டுபிடித்ததும் அனுப்பிவிட்டார்கள். அவர் உதவியாளர் செல்லி ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி அசெம்பிளி லைனில் இருந்தவள். லைனில் பேசக் கூடாது என்றார்கள். அவளே கிளம்பி வந்துவிட்டாள்.

"மறுபடி சொல்லுங்கம்மா. வேகமா," என்றார் ஆஞ்சப்பன்.

சரோஜம்மாள் சொன்னார். சிப்காட் தொழிற்பேட்டைக்காக அவர்கள் ராகிக் காட்டை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நஷ்டஈட்டை வைத்து எல்லாரும் வீடு கட்டினார்கள். அவர் ஒரு ஷெட் பிடித்தார். இரும்புக் கட்டில் செய்கிற ஷெட். எட்டுப் பெண்கள் வெல்டிங் வைக்கிறார்கள். சர்க்கார் மாணவர் விடுதிகளுக்குக் கட்டில் வேண்டுமென்று டெண்டர் வரும். விலையை உறையில் போட்டு, அரக்கு வைத்து, கிருஷ்ணகிரி ஆபீஸ் பெட்டியில் போட வேண்டும். யாருடைய விலை குறைவோ அவர்களுக்கு ஆர்டர். மூன்று தடவை போட்டார். மூன்று தடவையும் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் கம்பெனி வைத்திருக்கிற நஞ்சுண்டப்பா, இவர் விலைக்கு ஐநூறே ஐநூறு ரூபாய் குறைத்துப் போட்டு ஆர்டரைத் தட்டிக்கொண்டு போனான்.

"ஒரு தடவைன்னா அதிர்ஷ்டம்னு சொல்லலாம்," என்றாள் செல்லி. "மூணு தடவையும் ஐநூறுன்னா, அந்த ஆளு உங்க தோள்மேல உக்காந்து பாக்குறான்."

"யாரும் பாக்கலம்மா! மாட்டுக்குத் தண்ணி காட்டறப்போ மனசுக்குள்ளயே கணக்குப் போடுவேன். நானே எழுதுவேன். நானே ஒட்டுவேன். ராத்திரி வெலைத் தாளைத் தலைகாணிக்குக் கீழ வச்சுத்தான் படுப்பேன். பெத்த மகளுக்குக்கூட சொல்றதில்லை." அவர் குரல் இறங்கியது. "இன்னைக்கு நாலாவது டெண்டர். மூணு மணிக்குப் பெட்டியைப் பூட்டிடுவாங்க. இதுவும் போச்சுன்னா பேங்குக்காரன் என் ஷெட்டைப் பூட்டிடுவான். அந்த எட்டுப் பொண்ணுங்க மூஞ்சியை நான் எப்படிப் பாக்கறது?"

"உறைக்குள்ள என்னென்ன வைப்பீங்க?"

"வெலைத் தாளு. கையெழுத்துப் போட்ட நிபந்தனைத் தாளு. அப்புறம் டெபாசிட்டுக்கு பேங்க் டிராஃப்ட்டு, டி.டி."

"டெபாசிட்டா?"

"ஆமா. ஆர்டர் கெடைச்சதும் ஓடிப் போயிடக் கூடாதுல்ல? நாம போடற வெலையில நூத்துல ஒரு பங்கை டி.டி.யா எடுத்து வைக்கணும். ஆர்டர் கெடைக்கலைன்னா திருப்பிக் குடுத்துடுவாங்க." சரோஜம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் கரெக்டா எடுப்பேன். ஒரு ரூபா ஏத்தியும் இருக்காது, எறக்கியும் இருக்காது."

ஆஞ்சப்பன் நின்றார். நடுவழியில், ஒரு கால் முன்னே வைத்தபடியே நின்றார்.

செல்லிக்குத் தெரியும். இவர் நின்றால் ஏதோ கிடைத்துவிட்டது என்று அர்த்தம். "என்னா சார்?"

அவர் நேராக சரோஜம்மாளிடம் போய், காதருகே குனிந்து என்னவோ சொன்னார். அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. "எதுக்கு சாமி அப்படி? வீணாத்தானே?" என்றார். ஆஞ்சப்பன் மறுபடி குனிந்தார். "எவ்வளவுன்னு எனக்குக்கூட சொல்லாதீங்க," என்று முடித்தது மட்டும் செல்லி காதில் விழுந்தது.

"நான் ஒருத்தி இங்க இருக்கேன் சார்."

"தெரியுது. நீ பேங்குக்குப் போ. அம்மா டி.டி. வாங்கினதும் அந்தக் கவுன்டர் ஆளு என்ன பண்றான், எங்க போறான், யார்கிட்ட பேசறான்னு பாரு."

"ரகசியத்தை மட்டும் நீங்க வச்சுக்குவீங்க, அலைச்சல் எனக்கா?"

"ஓடு!"

கீழே படிக்கட்டில் கங்கப்பன் காத்திருந்தான். ஒல்லியான ஆள், அக்குளில் ஒரு ஃபைல். சரோஜம்மாள் ஷெட்டுக்கு மட்டுமில்லை, அந்த வரிசை ஷெட்டுகள் எல்லாவற்றுக்கும் பார்ட் டைமாகக் கணக்கு எழுதுகிறவன். தனித்தனியாகக் கணக்குப்பிள்ளை வைத்துக்கொள்ள அந்தச் சின்ன ஷெட்டுகளுக்குக் கட்டுப்படியாகாது. இன்றைக்குக் கிருஷ்ணகிரி போகிற டெம்போவும் அவன்தான் ஓட்டுகிறான்.

"ஏதாவது தெரிஞ்சுதா அக்கா?" என்று செல்லிக்குப் பின்னால் இறங்கி வந்த சரோஜம்மாளிடம் பதறினான். "நீங்க தோத்த அன்னைக்கெல்லாம் எனக்கு சோறே எறங்கறதில்லை."

"எறங்காமத்தான் இப்படி இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே செல்லி ஓடினாள்.

*

பேங்கில் கூட்டம். ஃபேன் சுற்றியது, காற்றுதான் வரவில்லை. டி.டி. கவுன்டரில் சென்னப்பன் என்று பலகை வைத்துக்கொண்டு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். டைப் மெஷினில் இரண்டே விரலால் தட்டினான். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் கடிகாரத்தைப் பார்த்தான்.

ஏன் கடிகாரத்தைப் பார்க்கிறான்? செல்லி தூணுக்குப் பின்னால் நின்று, பாஸ் புக்கைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

சரோஜம்மாள் டி.டி.யை வாங்கி, முந்தானையில் மறைத்துக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் கங்கப்பன். "அக்கா, பேங்க் ரசீதைக் குடுங்க. கணக்குல ஏத்திடறேன், இல்லைன்னா மறந்துடுவோம்." அவர் பழக்கத்தில் எடுத்து நீட்டினார். "ஷெட்டுல உக்காந்து உறையை ஒட்டிடுங்க. நான் டெம்போவுக்கு டீசல் போட்டுகினு வந்துடறேன்."

செல்லி அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. சென்னப்பன் எழுந்துவிட்டான்! 'கவுன்டர் மூடப்பட்டுள்ளது' பலகையைக் கவிழ்த்து வைத்தான். பின்வாசல் வழியாக வெளியே போனான். பாதி ஓட்டமும் பாதி நடையுமாக ரோட்டைக் கடந்து எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்தான்.

செல்லியும் நுழைந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே வரிசையில் நிற்கிற மாதிரி நின்று காதைத் தீட்டினாள்.

"ஹலோ, பெங்களூரா? ஆமா, நான்தான். நம்பர் சொல்லு, சீக்கிரம் சொல்லு! நாலு... ம்... ரெண்டு... ம்..."

மாட்டினான்! செல்லி கதவோடு ஒட்டிக்கொண்டாள்.

"கடைசி நம்பர் என்னா? ஏழா? எட்டு இல்லையா? நல்லாப் பாருடா, எட்டா இருக்கும்! அய்யோ, ஒரே நம்பர்ல போச்சே!" அவன் ரிசீவரை வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு லாட்டரிச் சீட்டை எடுத்து நாலாகக் கிழித்தான். கதவைத் திறந்து செல்லியைப் பார்த்தான். "நீயும் ரிசல்ட் கேக்க வந்தியாம்மா? கேக்காதே. வயிறு எரியும்."

"எரிஞ்சுடுச்சுண்ணா," என்றாள் செல்லி.

திரும்பி வந்து ஆஞ்சப்பனிடம் சொன்னபோது அவருக்குக் கோபமே வரவில்லை. "நல்லது. ஒரு ஆளு கழிஞ்சான்," என்றார்.

"மிச்சம் யாரு இருக்காங்க சார்? நீங்க, நான், அந்த போல்ட்டு."

*

டெம்போ கிளம்பும்போதே வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. முன்சீட்டில் கங்கப்பன், ஆஞ்சப்பன், நடுவில் கியர் ராடோடு சண்டை போட்டபடி செல்லி. பின்னால் சரோஜம்மாள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, உறையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார்.

சூளகிரி தாண்டியதும் வரிசையாக லாரிகள். ஒரு கிரானைட் லாரி மலையையே ஏற்றிக்கொண்டு ஊர்ந்தது.

"முந்துங்க," என்றார் ஆஞ்சப்பன்.

"எதிர்ல பஸ்ஸு வருது சார்."

"முந்துங்க!"

"சார், நாம போய்ச் சேர வேண்டியது கிருஷ்ணகிரி," என்றாள் செல்லி. "மேல் லோகத்துல டெண்டர் எதுவும் இல்லை."

குருபரப்பள்ளி வந்ததும் கங்கப்பன் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பெட்ரோல் பங்குக்குள் விட்டான். பங்கில் நாலு லாரி வரிசையில் நின்றது.

"இப்ப எதுக்கு?" என்று பின்னாலிருந்து சரோஜம்மாள் அலறினார்.

"டீசல் முள்ளு அடியில கெடக்குதுக்கா. இங்க விட்டா நடுரோட்டுல நிப்போம்."

செல்லிக்குப் பொறுக்கவில்லை. "காலையில போட்டதா அம்மா சொன்னாங்களே? இந்த வண்டி டீசலைக் குடிக்குதா, கொப்பளிச்சுத் துப்புதா?"

"டேங்க்ல ஓட்டை போல இருக்குதும்மா. கொஞ்ச நாளாவே ஒழுகுது."

ஆஞ்சப்பன் கீழே இறங்கினார். சோம்பல் முறிக்கிற மாதிரி கையைத் தூக்கினார். பிறகு செருப்பு வாரை மாட்டுகிற சாக்கில் குனிந்து, டெம்போவின் அடியில் பார்த்தார். டேங்கின் அடியில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். கையை மோந்து பார்த்தார். செல்லி அவர் கையையே பார்த்தாள். வெறும் செம்மண் தூசி. ஒரு சொட்டு டீசல்கூட இல்லை.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் கண்ணாலேயே அடக்கினார்.

அவள் அதற்கப்புறம் கிருஷ்ணகிரி வரைக்கும் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. அது அவளுக்கே பயமாக இருந்தது.

*

ஆபீஸ் வராந்தாவில் இரண்டு பூட்டுத் தொங்குகிற இரும்புப் பெட்டி. பியூன் சாவியோடு எழுந்துவிட்டான். சரோஜம்மாள் செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு ஓடினார். உறை பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் அவர் மூச்சு விட்டார். பியூன் பெட்டி வாயில் காகிதத்தை ஒட்டி மூடினான்.

வராந்தா தூணில் சாய்ந்தபடி நஞ்சுண்டப்பா வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், வெள்ளைச் செருப்பு.

"ஏனம்மா, சென்னாகிதீரா?" என்று கன்னடத்தில் சுகம் விசாரித்தான். "இந்த வயசுல எதுக்கு இவ்ளோ ஓட்டம்? ஷெட்டைக் குடுத்துடுங்க, நல்ல வெலை போட்டுத் தரேன். எப்படியும் ஐநூறு ரூபா கம்மியாத்தான் போடுவேன்!" அவனே சிரித்துக்கொண்டான்.

 செல்லி சரோஜம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே பெஞ்சில் எல்லாரையும் உட்கார வைத்தார்கள். டெண்டர் போட்டவர்கள் கண்முன்னால்தான் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பது விதி. ஆபீசர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மூன்று உறைகளையும் தூக்கிக் காட்டினார். அரக்குகள் முழுசாக இருந்தன.

முதல் உறை சேலத்துக் கம்பெனி. "அஞ்சு லட்சத்துப் பத்தாயிரம்." அந்த ஆள் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டான்.

இரண்டாவது நஞ்சுண்டப்பா. "நாலு லட்சத்து இருபத்தி நாலாயிரத்து ஐநூறு."

சரோஜம்மாளின் நகம் செல்லியின் உள்ளங்கையில் பதிந்தது.

ஆபீசர் மூன்றாவது உறையின் அரக்கை உடைத்தார். உள்ளே கைவிட்டு விலைத் தாளை மட்டும் உருவினார். "சரோஜம்மாள்... மூணு லட்சத்துத் தொண்ணூறாயிரம்."



"ஏய்! அது எப்படி?" நஞ்சுண்டப்பா பெஞ்சைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். வெற்றிலை எச்சில் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. "சார், தப்பு சார்! நல்லாப் பாருங்க! டி.டி. நாலாயிரத்து இருநூத்தம்பது வச்சிருக்காங்க, அப்போ வெலை நாலு லட்சத்து இருபத்தி அஞ்சாயிரம்தானே வரணும்?"

ஆபீசர் நிமிர்ந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். உறைக்குள் விரலை விட்டு, அப்போதுதான் டி.டி.யை வெளியே எடுத்தார். விரித்தார்.

"நாலாயிரத்து இருநூத்தம்பதுதான்," என்றார் மெதுவாக. "நான் இன்னும் வெளியவே எடுக்கலையே நஞ்சுண்டப்பா. உமக்கு எப்படித் தெரிஞ்சுது?"

நஞ்சுண்டப்பா  வெற்றிலையை முழுங்கிவிட்டான்.

செல்லிக்கு அப்போதுதான் மண்டைக்குள் பல்பு எரிந்தது. நூற்றில் ஒரு பங்கு! டி.டி. எவ்வளவு என்று தெரிந்தால் போதும், நூறால் பெருக்கினால் விலை கையில். அரக்கை எதற்கு உடைக்க வேண்டும்? பாவம் இந்த அம்மா, மாட்டுக்குக்கூடச் சொல்லாமல் விலையைப் பூட்டி வைத்து, அந்த விலையையே பேங்க் ரசீதில் அச்சடித்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். காலையில் ஆஞ்சப்பன் காதில் சொன்னது இதைத்தான். இந்தத் தடவை டி.டி.யை வேண்டுமென்றே கூட்டி எடுங்கள் என்று!

"டெபாசிட் கூடுதலா இருந்தா ஒண்ணும் தப்பில்லை, குறைஞ்சாத்தான் தள்ளுவோம்," என்று ஆபீசர் எழுதிக்கொண்டே சொன்னார். "உங்க வெலைதான்மா கம்மி. ஆர்டர் முறைப்படி வரும். ஆனா எனக்கு ஒண்ணு புரியலை. உங்க யூனிட் சிறுதொழில்ல நிரந்தரப் பதிவு பண்ணினதுதானே? நிபந்தனையிலேயே போட்டிருக்கே, உங்களுக்கு டெபாசிட்டே கெடையாது. எதுக்கு ஒவ்வொரு தடவையும் டி.டி. வச்சுகிட்டிருக்கீங்க?"

சரோஜம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"டெபாசிட்டே... வேணாமா?"

"வேணாம். சர்டிபிகேட் நகல் வச்சாப் போதும்."

அவர் திரும்பினார். ரொம்ப மெதுவாகத் திரும்பினார். கதவோரத்தில் ஃபைலோடு நின்றிருந்த கங்கப்பன் வெளியே போய்க்கொண்டிருந்தான்.

"ஒண்ணு சொல்லிடறேன்," என்றார் ஆபீசர் குரலைத் தாழ்த்தி. "இப்ப இவரு கத்தினதை யாராவது எழுதிக் குடுத்தா நான் விசாரிச்சே ஆகணும். விசாரணை முடியற வரைக்கும் டெண்டர் நிக்கும். முடிஞ்சப்புறம் மறுபடி முதல்லேருந்து. எழுதிக் குடுக்கலைன்னா என் கையில ஒண்ணும் இல்லை. நான் அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன்."

*

கங்கப்பன் டெம்போவின் கதவைத் திறக்கும்போதே ஆஞ்சப்பன் அவன் தோளில் கை வைத்தார்.

"டீசல் போடறேன்னு போனீரே, எந்த பங்க்ல போட்டீர்?"

"ஒழுகுது சார்..."

"நான் தடவிப் பாத்தேன். தூசிதான் ஒட்டுச்சு. பங்குக்கே போகலை. ரசீதை வாங்கிகிட்டு போன் பண்ணப் போயிருக்கீர். லைன் கெடைக்க நேரமாயிருக்கும், டீசல் மறந்து போச்சு. நஞ்சுண்டப்பா இங்கதான் ஏதோ லாட்ஜ்ல உக்காந்து, உம்ம போனுக்காக உறையை ஒட்டாம காத்துகிட்டு இருந்திருக்கான்."

கங்கப்பன் சரோஜம்மாளைப் பார்க்கவில்லை. டெம்போவின் டயரைப் பார்த்தான்.

"பதிவு இன்னும் நிரந்தரம் ஆகலைன்னு எங்கிட்ட சொன்னது நீதானே?" சரோஜம்மாளின் குரல் உயரவே இல்லை. "நிபந்தனை பூரா இங்கிலீசுல இருக்குதேன்னு உன்கிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னேன். டெபாசிட் கட்டியே ஆகணும், கரெக்டா கட்டணும்னு நீதானே சொன்னே?"

"அக்கா..."

"சொன்னியா இல்லையா?"

"பையனுக்கு வேலை போட்டுக் குடுத்தான்கா. அந்தப் பக்கம், அவன் கம்பெனியில. பர்மனென்ட் பண்றேன், பண்றேன்னு..." கங்கப்பன் ஃபைலால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். "ஒரு தடவைதான்னு ஆரம்பிச்சான். அப்புறம் விடலை."

"ஆஹா, இப்பவும் சோறு எறங்காதே," என்றாள் செல்லி. சொல்லி முடிக்கும்போதே அவளுக்கு வேறொன்று உறைத்தது.  "சார்... இந்த ஆளு இவங்க ஒருத்தருக்கு மட்டுமா கணக்கு எழுதறாரு? வரிசை பூரா இவர்தானே?"

சரோஜம்மாள் கங்கப்பனின் கையிலிருந்த ஃபைலை இழுத்துக் கீழே இறக்கினார். "நாராயணம்மா ஷெட்டு போன வருசம் மூடினாளே. பீரோ டெண்டர் ரெண்டு கையை விட்டுப் போச்சுன்னு. அதுவும் நீதானா?"

கங்கப்பன் தலை ஆமென்று ஆடியது. அது போதுமாக இருந்தது.

"அவ இப்ப ரோஜாத் தோட்டத்துல களை புடுங்கறா," என்றார் சரோஜம்மாள். யாரிடம் சொல்கிறார் என்றே தெரியவில்லை. "ஷெட்டு வச்சிருந்தவ."

ஆஞ்சப்பன் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி நீட்டினார். "எழுதுங்கம்மா. இப்பவே. ஆபீசர் உள்ளதான் இருக்காரு. அத்தனை பேர் முன்னாடி அவன் வாயாலயே உளறியிருக்கான். இதை விட சாட்சி இனிமே கெடைக்காது."

"எழுதினா டெண்டர் நிக்கும்."

"நிக்கும்."

"எவ்ளோ நாளு?"

"மாசக் கணக்குல ஆகலாம். அதுக்கு மேலயும் ஆகலாம்."

"அதுக்குள்ள என் ஷெட்டுக்கு பேங்க்காரன் பூட்டு வந்துடும்." அவர் பேனாவைப் பார்த்தார். கையை நீட்டவில்லை. "கேளுங்க சாமி. மொதல்ல ஆர்டர் கைக்கு வரட்டும். பொண்ணுங்க வெல்டிங் வைக்கட்டும். கட்டில் எல்லாம் ஆஸ்டலுக்குப் போய்ச் சேரட்டும். அன்னைக்கே நான் பஸ் ஏறி இங்க வந்து எழுதிக் குடுக்கறேன்."

"அன்னைக்கு இந்த ஆபீசர் இங்க இருப்பாரான்னு யாருக்குத் தெரியும்? நஞ்சுண்டப்பா, நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னு சாதிப்பான். இவனை வேற ஊருக்கு அனுப்பிடுவான். எல்லாம் ஆறிப் போயிடும்மா!"

"ஆறிப் போகலாம். எட்டு வீட்டு அடுப்பு அணைஞ்சு போகக் கூடாது."

ஆஞ்சப்பன் திரும்பி நடக்க ஆரம்பித்தார். டெம்போவின் முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.

சரோஜம்மாள் கங்கப்பனின் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். "வண்டியை எடு. ஓசூர் போனதும் வரிசையில ஒவ்வொரு ஷெட்டு வாசல்லயும் நிறுத்தணும். நீயே எறங்கி, நீயே உன் வாயால சொல்லணும். எப்படிச் சொன்னே, யாருக்குச் சொன்னே, எல்லாம். கடைசியா ரோஜாத் தோட்டத்துக்குப் போறோம்."

"அடிப்பாங்கக்கா."

"அடிக்கட்டும். நான் பக்கத்துலயே நிக்கிறேன். சாக விட மாட்டேன்."

டெம்போ உறுமியது. சரோஜம்மாள் பின்னால் ஏறி ஸ்டூலில் உட்கார்ந்தார். இந்த முறை அவர் கை காலியாக இருந்தது, எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் போட்டுக்கொண்டார். ஆஞ்சப்பன் இன்னும் கீழேயே நின்றார். ஆபீஸ் ஜன்னலில் ஆபீசரின் தலை தெரிந்தது. அஞ்சு மணி ஆக இன்னும் நேரம் இருந்தது.

"செல்லி, நீ சொல்லு," என்றார் அவர். "நான் சொல்றது தப்பா?"

செல்லிக்கு நாக்கு நுனியில் எப்போதும் ஒன்று தயாராக இருக்கும். இப்போது இல்லை. வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டுக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் எட்டுப் பெண்கள் அவள் கண்ணில் தெரிந்தார்கள். வெயிலில் குனிந்து களை பிடுங்குகிற, அவள் பார்த்தேயிராத ஒரு நாராயணம்மாவும் தெரிந்தாள். இன்றைக்கு எழுதினால் அந்த எட்டுப் பேருக்கு அநியாயம். எழுதாவிட்டால் நஞ்சுண்டப்பா நாளைக்கு இன்னொரு கங்கப்பனைப் பிடிப்பான், இன்னொரு வரிசையில் இன்னொரு ஷெட் மூடும்.

"தெரியலை சார்," என்றாள். அப்படி அவள் சொன்னதே இல்லை.

ஆஞ்சப்பன் பேனாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏறினார். டெம்போ கேட்டைத் தாண்டி பெங்களூர் ரோட்டில் திரும்பியது. செல்லி மட்டும் திரும்பித் திரும்பி அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நீங்க சொல்லுங்க. அந்த ஜன்னல் மூடறதுக்கு முன்னாடி செல்லி வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கணுமா? சரோஜம்மாள் எடத்துல நீங்க இருந்திருந்தா, அந்தப் பேனாவை வாங்கியிருப்பீங்களா, மாட்டீங்களா?